சட்டை போட்ட ஜாடி

கண்ணாடி ஜாடிக்குச் சட்டை தைத்துப் போட்ட பள்ளிக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டைக்குப் பொத்தான் மாட்டியதே இந்தக் கைதான்.

கருநீலத் துணி. வெளிச்சம் புகாத அளவுக்கு இரட்டையாக மடித்துத் தைத்தது. முன்பக்கம் மஞ்சள் நூலில் ஒரு தாமரை, அதன் கீழே 'இயற்கைப் பாடம்' என்று பூ வேலை எழுத்து. ஜாடியின் வாய்க்குத் தனியாக ஒரு தொப்பி. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு, ஐந்து பொத்தான். புதுத் துணியில் கஞ்சி வாசனை அடித்தது.

"ஏட்டி ஞானம்மா, பைய மாட்டு. தாமர கசங்கிரப் போவுது" என்றார் தையல் டீச்சர்.

"டீச்சர், சட்டை பத்தல. முதுகுல வெரல் அகலத்துக்கு வாயப் பொளக்கு."

"முதுகை யாருட்டி பாக்கப் போறா? அதை சன்னல் பக்கமாத் திருப்பி வையி."

"உள்ள இருக்கிறதுக்கு மூச்சு முட்டிராதா?"

"தண்ணிக்குள்ள கெடக்கிறதுக்கு என்னத்த மூச்சு! எம்புட்டுக் கவலை ஒனக்கு!"

கவலை என் கூடவே பிறந்தது. கதவைத் தாழிட்டுவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிற ஜாதி நான். ஆனால் அன்றைக்கு நான் பட்ட கவலை தப்பான கவலை. மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டேன். வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தொடரைப் படித்துவிட்டு, 'ஏனம்மா இவ்வளவு கோபம்?' என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இந்த வாரமும் அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூல் துண்டு

யுத்தம் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகளை டீச்சர் வேலைக்குப் பழக்குகிற ஒரு மிஷன் பள்ளி, சின்னப் பிள்ளைகளுக்கும் வகுப்பு உண்டு. அதில் இயற்கைப் பாட அறையைக் கூட்டித் துடைத்து, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டு, ஜாடிகளைக் கழுவி வைக்கிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் சிலோனுக்குப் போனவர் போனவர்தான். ஒரு மகள், எஸ்தர். வேலைக்காரியின் பிள்ளை என்பதால் அவளும் அங்கேயே போர்டிங்கில் தங்கிப் படித்தாள். என் வேலை போனால் அவள் படிப்பும் போகும். நான் நாலாப்போடு நின்றவள். நான் நின்ற இடத்தில் அவள் நிற்கக்கூடாது என்பதைத் தவிர அந்த நாளில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஜாடிக்குள் இருந்தது ஹைட்ரா. கேள்விப்படாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்மாயில் வேலம்பாசி பிடுங்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டிப்போட்ட நூல் துண்டு மாதிரி இருக்கும், அரை விரற்கடை கூட இராது. ஒரு முனையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு முனையில் ஏழெட்டு மயிரிழைக் கையை விரித்துத் தொங்கும். தண்ணீர்த் தெள்ளு ஏதாவது அந்தக் கையில் பட்டால் சுருண்டுவிடும், ஹைட்ரா அதை விழுங்கிவிடும். ஆட்டினால் சட்டென்று சுருங்கி ஒரு தூசி மாதிரி ஆகிவிடும்.

தினமும் காலையில் அதுகளை எண்ணுவேன். எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குறைந்துபோனால் நம்மைத்தானே கேட்பார்கள் என்கிற பயம். அப்படி எண்ணும்போதுதான் ஒன்று தெரிந்தது. எல்லாம் சன்னல் பக்கமே இருக்கும். ஜாடியைக் கழுவித் திருப்பி வைப்பேன். மறுநாள் பார்த்தால் காலும் தலையும் மாற்றி மாற்றி ஊன்றி நடந்து, மறுபடியும் சன்னல் பக்கம் வந்திருக்கும்.

இயற்கைப் பாடம் எடுக்கிற கிரேஸ் டீச்சர் தூத்துக்குடிக்காரர். அவரிடம் சொன்னேன்.

"டீச்சர், இதுகளுக்கு வெளிச்சம் தெரியுது."

"கண்ணே இல்லாததுக்கு வெளிச்சம் எங்க தெரியும்? வெதுவெதுப்புக்குப் போகும்."

சரி, படித்தவர் சொல்கிறார் என்று பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. அந்த அறைக்குப் பின்சுவர் போர்டிங் சமையலறைச் சுவர். எந்நேரமும் சூடாக இருக்கும். ஜாடியை அந்தச் சுவரை ஒட்டி வைத்தேன். இரண்டு நாளில் அத்தனையும் சூட்டுக்கு முதுகைக் காட்டிச் சன்னல் பார்த்த பக்கமாக வந்துவிட்டன. அதையும் போய்ச் சொன்னேன்.

கிரேஸ் டீச்சர் மற்ற டீச்சர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளா? நாலாப்புப் படிச்சவ எனக்குப் பாடம் எடுக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பஞ்சுக் கொட்டகை

கண் இல்லாமல் வெளிச்சம் தெரியுமா என்று என்னைக் கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வேன். அதற்கு ராஜபாளையத்துக் கதை ஒன்று உண்டு.

பள்ளிக்கூட வேலைக்கு வருவதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கொட்டகையில் இருந்தேன். பருத்தியில் தூசி, சருகு பொறுக்குகிற வேலை. நாற்பது பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்போம். உயரத்தில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அது வழியாகக் கட்டம் கட்டமாக வெயில் விழும். பஞ்சுத் தூசி அதில் புகை மாதிரி பறக்கும்.

பக்கத்துச் சாக்குக்காரி சுப்பம்மக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஒரு நாள் மத்தியானம் அவள் என் தோளைத் தட்டி, "ஏமே, காலைல நாம எக்கட உக்காந்தோம்? இப்ப எக்கட இருக்கோம் பாரு" என்றாள். பார்த்தேன். காலையில் தூண் பக்கம் இருந்தவர்கள் தராசுப் பக்கம் வந்திருந்தோம். வெயில் கட்டம் நகர நகர நாற்பது பெண்களும், எழுந்திருக்காமல், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல், சாக்கோடு நகர்ந்திருக்கிறோம். யாரும் தலை நிமிர்ந்து வெயிலைப் பார்க்கவில்லை. கண் பருத்தியில்தான் இருந்தது. உடம்பு தானாகப் போயிருக்கிறது.

மேஸ்திரி வந்து, "எவட்டி இங்க நகந்து வந்தது? எல்லாரும் பழைய எடத்துக்குப் போங்க" என்று கத்தினான். சுப்பம்மக்கா சும்மா இருக்கவில்லை. "சூரியன மொதல்ல பழைய எடத்துக்குப் போகச் சொல்லு மேஸ்திரி. பொறவு நாங்க போறோம்" என்றாள்.

அவளுடைய வாயில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால், நான் இப்போது சொல்லப்போகிற நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முன்பக்கம் மட்டும் பார்த்தவர்

சட்டை மாட்டின மூன்றாம் நாள் காலையில், பள்ளியைச் சோதனை பார்க்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். சந்தன நிறப் பட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு சின்ன நோட்டு. தலைமையம்மா, கிரேஸ் டீச்சர், தையல் டீச்சர் மூவரும் பின்னால். நான் சன்னலோரம், ஜாடிக்குப் பின்பக்கம் நின்றேன். எங்களைப் போன்றவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"சட்டை பிரமாதம்" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. "பிள்ளைங்க தச்சதா?"

"எல்லாம் நம்ம பிள்ளைங்கதான்" என்றார் தலைமையம்மா. "தையலையும் காட்டுனாப்ல ஆச்சு, பாடத்தையும் காட்டுனாப்ல ஆச்சுன்னு..."

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பொத்தானை அவிழ்த்து, ஆடாமல் அசையாமல் மெதுவாக உருவினேன். உருவும்போதே பார்த்துவிட்டேன். என் பக்கம், பொத்தான் திறப்பு பிளந்திருந்த அந்த விரல் அகலத்துக்கு நேராக, மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாக அத்தனை ஹைட்ராவும்! ஓட்டுத் தையல் போட்ட மாதிரி. இரண்டு நாள் இருட்டில் கிடந்து, வெளிச்சம் வந்த ஒரே இடுக்கைத் தேடி வந்து நிற்கின்றன. என் வாழ்க்கையில் அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை.

முன்பக்கம் வெறும் தண்ணீர்.

"எங்கே ஹைட்ரா?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. குனிந்து பார்த்தார். கிரேஸ் டீச்சரும் குனிந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இந்தப் பக்கம்..." என்றேன்.

"நீ செத்த பேசாம இரு" என்றார் கிரேஸ் டீச்சர். பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவைப் பார்த்து, "இவ தண்ணி மாத்தும்போது கொட்டிருப்பா அம்மா. எத்தனை வாட்டி சொன்னாலும் கேக்கிறதில்ல" என்றார்.

ஜாடியைத் தூக்கித் திருப்பி வைத்தேன். திருப்பினதுதான் நான் செய்த தப்பு. அதிர்ச்சியில் அத்தனையும் சுருங்கிவிட்டன. நூல் வரிசை போய், கண்ணாடியில் பத்துப் பதினைந்து தூசி.

"இதுதான் அம்மா. விரியும். செத்த நேரம் பொறுத்தா விரியும்."

"அழுக்கைக் காட்டி ஹைட்ரா என்கிறாள்" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார். செத்த நேரம் பொறுக்க ஒருவருக்கும் நேரம் இல்லை. சட்டையின் தாமரையைப் பார்க்க நேரம் இருந்தது.

அவர்கள் நடை தாண்டுவதற்குள் ஒவ்வொன்றாக விரிந்தன. நான் ஒருத்திதான் பார்த்தேன்.

கண் எப்போது வந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். ஏனென்றால் அன்றைக்குத் தெரியாதது இன்றைக்குத் தெரியும்.

எஸ்தர் பின்னாளில் காலேஜில் இதையே படித்தாள். அவள் சொல்லிக் கேட்டதை என் புத்திக்கு எட்டினபடி எழுதுகிறேன். ஹைட்ராவும், கடலில் மிதக்கிற சொறியும் ஒரே குடும்பமாம். தூத்துக்குடிக் கடலில் குளிக்கும்போது காலில் பட்டால் தீயாக எரியுமே, குடை மாதிரி வழவழவென்று, அந்தச் சொறிதான். மனிதர், மாடு, மீன் எல்லாம் வருவதற்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னாலேயே அந்தக் குடும்பம் தண்ணீரில் இருந்ததாம்.

அதில் ஹைட்ராவுக்குக் கண் கிடையாது. மூளையும் கிடையாது. ஆனால் தோலே வெளிச்சத்தை உணரும். சில சொறிகளுக்குக் குடையின் ஓரத்தில் கறுப்புப் பொட்டு பொட்டாக இருக்குமாம். வெளிச்சமா இருட்டா என்று அந்தப் பொட்டுக்குத் தெரியும். வேறு சிலவற்றில் அந்தப் பொட்டு குழிந்து கிண்ணம் மாதிரி ஆகி, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளும். பெட்டி மாதிரி வடிவமுள்ள ஒரு சொறிக்கோ, நம் கண்ணில் இருப்பது போல லென்ஸ் என்கிற கண்ணாடிமணி வைத்த நிஜக் கண்ணே உண்டாம். எல்லாம் ஒரே வழியில் வந்துவிடவில்லை, கிளைக்குக் கிளை தனித்தனியாக வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்களாம்.

"அப்ப கண்ணு வந்த பொறவுதான் வெளிச்சம் தெரிஞ்சதுன்னு இல்ல?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. வெளிச்சம் தெரிஞ்ச உடம்புலதான் பொறவு கண்ணு வந்துச்சு."

இன்னொன்றும் சொன்னாள். ஹைட்ரா வெளிச்சத்துக்கு வரும் என்பதை வெள்ளைக்காரர்கள் இருநூறு வருஷம் முன்னாலேயே பார்த்து எழுதிவிட்டார்கள். எங்கள் பள்ளி பீரோவில் இருந்த ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்திலேயே அது இருந்ததாம். அந்த பீரோவைத் தினமும் துடைத்தவள் நான். சாவி கிரேஸ் டீச்சர் இடுப்பில். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தெரியும். இருநூறு வருஷமாக அச்சில் கிடந்த ஒன்றைச் சொன்னதற்கு நான் பொய்க்காரி ஆனேன். எனக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்?

மூன்று தாள்

ஒரு வாரம் கழித்து, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும் தலைமையம்மா கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள். 'கவனக்குறைவாக ஹைட்ராக்களைக் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரை வைத்து ஏமாற்ற முயன்றேன். மன்னிக்க வேண்டுகிறேன்.' கிரேஸ் டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. கீழே என் பேருக்கு இடம்.

"போடு" என்றார்.

பயந்தவள்தான் நான். ஆனால் ஏமாற்ற முயன்றேன் என்கிற அந்தச் சொல்லைப் படித்ததும் பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அம்மா, எனக்கு ரெண்டு நாள் தாங்க. காட்டுதேன். அப்பவும் பொய்யின்னா போடுதேன்."

என்ன நினைத்தாரோ, தலையாட்டினார். பழைய குடைத் துணியை நாலாக மடித்து ஜாடியைச் சுற்றிலும் கட்டி, வாயையும் மூடினேன். ஒரு பக்கத்தில் மட்டும் கத்தரிக்கோலால் முக்கோணமாக ஒரு ஓட்டை வெட்டி, அதைச் சன்னலுக்கு நேராக வைத்தேன். இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டை பெரிதாகிவிட்டதோ, துணி லேசோ, மேகமூட்டமாக இருக்கிறதே என்று ஆயிரம் கவலை. தொட்டால் சுருங்கிவிடும் என்று தொடவும் பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம் தலைமையம்மா தனியாக வந்தார். துணியை நான் அவிழ்க்கவில்லை. "நீங்களே அவுருங்கம்மா. பொறவு நான் ஏதோ பண்ணிட்டேன்னு வரக்கூடாது" என்றேன். அவர் அவிழ்த்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

கண்ணாடியில் ஒரு முக்கோணம். ஹைட்ராவாலேயே ஆன முக்கோணம். ஒன்றிரண்டு மட்டும் வழியில் இருந்தன.

"ஆமா" என்றார். "ஆமாட்டி. வெளிச்சத்துக்குத்தான் வந்திருக்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, ஆபீசுக்கு வந்து கையெழுத்தப் போட்டுரு" என்றார்.

"என்னம்மா சொல்லுதிய? இப்பதான் நீங்களே பாத்திய."

"பாத்தேன். நீ சொல்றது நெசந்தான். நான் இல்லைங்கல. ஆனா பதில் எழுதணும்லா? இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சரியாப் பாக்காமப் போயிட்டாங்கன்னு எழுத முடியுமா? கிரேஸுக்குப் பாடம் தெரியலன்னு எழுத முடியுமா? அவிய உத்தியோகம் என்னாவது? ஒனக்கு இது ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான்! பொய் என்று நினைத்துத் தண்டித்திருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். நிஜம் என்று தெரிந்துகொண்டு பொய்யில் கையெழுத்துக் கேட்கிறார். அவர் குரலில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. சமையலறையில் உப்புக் கேட்கிற மாதிரி கேட்டார்.

போனேன். எஸ்தரை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். பேரை எழுதினேன். எழுதின கை நிற்கவில்லை. பேருக்குக் கீழே, 'ஹைட்ரா ஜாடிக்குப் பின்பக்கம் வெளிச்சத்தில் இருந்தது. நான் கொட்டவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்.

தலைமையம்மா அதைக் கிழித்தார். எழுத்தரைக் கூப்பிட்டு இன்னொரு தாள் எழுதச் சொன்னார். அதிலும் பேர் போட்டேன். அதே வரியைப் போட்டேன். மூன்றாவது தாளை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரு மட்டும், ஞானம்மா. பேரு மட்டும்." கையை விட்டதும் பேரோடு அந்த வரியையும் எழுதினேன்.

எழுத்தர் பாவம், நல்ல மனுஷன். "தாளுக்கு இப்பம் பஞ்சம்மா. யுத்த காலம்" என்று முனகினார்.

வேலையை விட்டு எடுத்த கடிதம் மறுநாள் வந்தது. ஹைட்ரா என்கிற பேச்சே அதில் இல்லை. 'அலுவலகத் தாள்களைத் திரும்பத் திரும்பக் கெடுத்ததற்காகவும், பணிவின்மைக்காகவும்' என்று இருந்தது. இருநூறு வருஷத்து உண்மையைச் சொன்னதற்குத் தாள் கெடுத்தவள் என்று பட்டம்.

கருணைப் பிள்ளை

எஸ்தரின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலைமையம்மா பின்னாலேயே வேகமாக வந்தார்.

"பிள்ளைய ஏன்ட்டி கூட்டிட்டுப் போற? அவ இங்கயே இருக்கட்டும். வேலைய விட்டு எடுத்தவ பிள்ளைன்னாலும் நம்ம கைவிட மாட்டோம். கருணைப் பிள்ளையா வச்சிக்கிடுதோம்."

அந்தப் பள்ளியில் அப்படி ஒரு வகை உண்டு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், கோவிலில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் முடிவில் அவர்கள் மட்டும் எழுந்து நின்று, தங்களை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்குப் பேர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும்.

பெட்டி கையில் கனத்தது. சுப்பம்மக்காவாக இருந்தால் அந்தப் பெட்டியோடு ராஜபாளையம் வரை நடந்தே போயிருப்பாள். எனக்கோ பஞ்சுக் கொட்டகை கண்ணுக்கு முன்னால் வந்தது. சாக்கு விரித்து, எனக்குப் பக்கத்தில் எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள். நாலாப்புக்கூட முடிக்காத எஸ்தர்.

பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நன்றி சொல்லு அம்மாவுக்கு" என்று என் வாயாலேயே மகளிடம் சொன்னேன். சொன்னாள்.

நான் ராஜபாளையத்துக்கு ரயில் ஏறினேன். எஸ்தர் அங்கேயே படித்தாள், நன்றாகப் படித்தாள், காலேஜுக்கும் போனாள். அதை யாராவது எனக்கு ஞாபகப்படுத்தி, 'பார்த்தாயா, எவ்வளவு நல்ல மனசு அந்தத் தலைமையம்மாவுக்கு' என்றால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். உன் தாய் சொன்னது நிஜம்தான் என்று ஒரே ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையிடம் அவர் சொல்லவில்லை. ஏழெட்டு வருஷம் என் மகள் ஞாயிறுதோறும் நூறு பேருக்கு நடுவில் எழுந்து நின்று, அவர் பேரைச் சொல்லி நன்றி சொன்னாள்.

அந்தக் கருணையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.